சுருக்குப் பை மாதிரி ஒரு வளையம்: டாட்டிங் லேஸ் பழகத் தொடங்குவோருக்கு

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பை நினைவிருக்கிறதா? பையின் வாயைச் சுற்றித் துணியை மடித்துத் தைத்திருப்பார்கள். அந்த மடிப்புக்குள் ஒரு கயிறு ஓடும். கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தால் துணி சுருங்கி வாய் மூடிக்கொள்ளும். டாட்டிங் லேஸில் ஒவ்வொரு வளையமும் இப்படித்தான் உருவாகிறது. ஒரு நூல் உள்ளே கயிறுபோல ஓடுகிறது. அதன் மேல் இன்னொரு நூல் முடிச்சு முடிச்சாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறது. உள்நூலை இழுத்தால் முடிச்சுகள் நெருங்கி வந்து சின்னதாக ஒரு வளையம் மூடும். இப்படிப் பல வளையங்களை அடுத்தடுத்து இணைத்துக்கொண்டே போனால் அதுதான் லேஸ்.

கற்றுக்கொள்ள வேண்டிய முடிச்சு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு முடிச்சில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். நானும் இரண்டு வாரம் அங்கேயே நின்றேன். வீடியோவில் கை அசைவதைப் பார்த்து அப்படியே செய்வேன், முடிச்சும் விழும், ஆனால் வளையத்தை மூட இழுத்தால் நூல் நகராது. எந்த நூல் எதன் மேல் முடிச்சாக வேண்டும் என்பதை நான் புரிந்துகொள்ளவே இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் சீக்கிரம் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிதானமாக நிற்கப் போகிறேன்.

முதலில், இது எந்த வகை லேஸ்? குரோஷே எல்லோருக்கும் தெரியும். கொக்கி ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துப் பின்னுவது. ஒரு நுனியை இழுத்தால் பின்னியது முழுவதும் பிரிந்து வந்துவிடும். தலையணை லேஸ் வேறு. ஒரு திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுச் செய்வது. 1819இல் மிஷனரியான கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் தலையணை லேஸைத்தான். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடப் போனது. டாட்டிங் இந்த இரண்டிலும் சேராது. திண்டும் வேண்டாம், ஊசிகளும் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஷட்டில், கொஞ்சம் நூல், பத்து விரல், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு என்பதால் எங்காவது ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் பிரியாது. பஸ்ஸில் உட்கார்ந்துகூடச் செய்யலாம்.

ஷட்டில் என்பது சுமார் ஆறேழு செண்டிமீட்டர் நீளத்தில், இரண்டு முனையும் கூராக, ஒரு சிறிய படகைப் போல இருக்கும். நம் நெசவாளர்கள் தறியில் வீசும் நாடாவுக்கு ஓடம் என்று இன்னொரு பெயர் உண்டு. ஜெர்மானியர் இந்தக் கைவேலையையே ‘குட்டிப் படகு வேலை’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். வடிவத்தைப் பார்த்ததும் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது. இத்தாலியில் இதன் பெயர் கியாக்கியெரீனோ, அரட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முடிச்சு கைக்குப் பழகிய பிறகு கை தன்போக்கில் வேலை செய்ய வாய் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதால் எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

படகின் நடுவில் ஒரு சிறிய தண்டு. அதில்தான் நூலைச் சுற்ற வேண்டும். ஷட்டிலின் விளிம்பைத் தாண்டி நூல் பிதுங்கும் அளவுக்குச் சுற்றக் கூடாது, அழுக்கும் படியும், கையிலும் சிக்கும். க்ளோவர் போன்ற பிளாஸ்டிக் ஷட்டில்களில் ஒரு முனையில் சின்னக் கூர் இருக்கும், வளையங்களை இணைக்கும்போது அது உதவும். ஷட்டில் கிடைக்கவில்லையென்றால் தடித்த அட்டையைப் படகு வடிவில் வெட்டி இரண்டு முனையிலும் ஒரு பள்ளம் விட்டு அதில் நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். பழகுவதற்கு அது போதும்.

நூல் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். உல்லன் நூலும் பஞ்சு பஞ்சாக இருக்கும் நூலும் ஆகாது. எம்பிராய்டரிக்கு வாங்கும் ஆறிழை நூல் பிரிந்து பிரிந்து போகும். முறுக்கேறிய, வழவழப்பான குரோஷே நூல்தான் சரி. ஆங்கர், டிஎம்சி போன்ற நூல்களில் 10, 20, 40, 80 என்று எண் போட்டிருக்கும். எண் ஏற ஏற நூல் மெலியும். 80இல் செய்த லேஸ் கண்ணைப் பறிக்கும், ஆனால் தொடங்குபவர்கள் 10 அல்லது 20 வாங்குங்கள். முடிச்சு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நூல் உருண்டையில் ‘மெர்சரைஸ்டு’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை உருண்டு திரண்டு வலுவாவதைக் கண்டுபிடித்தார். 1890இல் ஹோரஸ் லோ, நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி அதைச் செய்தால் பளபளப்பும் சேர்ந்து வருவதைக் காட்டினார். அந்த வழவழப்பு நமக்கு அழகுக்காக மட்டும் இல்லை. சுருக்குப் பையின் கயிறு தடையில்லாமல் ஓட வேண்டும் அல்லவா, அதற்காக.

சரி, முடிச்சுக்கு வருவோம்.

பூ கட்டத் தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் அதை நினைத்துக்கொள்ளுங்கள். பூவின் காம்புகள் அசையாமல் இருக்கின்றன. நாம் நூலை முறுக்கி வளைத்துக் காம்பின் மேல் போட்டு இழுக்கிறோம். எந்த நூலை ஆட்டுகிறோமோ அதுவே முடிச்சாகிறது. டாட்டிங்கில் இது தலைகீழ். நாம் ஆட்டுவது ஷட்டில் நூலை. ஆனால் முடிச்சாக வேண்டியது இடது கை விரல்களில் சும்மா கிடக்கும் நூல். ஷட்டில் நூல் காம்பு மாதிரி நேராக நிற்க வேண்டும். ஆட்டுகிற நூல் நேராகவும் ஆட்டாத நூல் முடிச்சாகவும் எப்படி மாறும்? இதுதான் டாட்டிங்கின் மொத்த ரகசியமும்.

இதை ஷட்டில் இல்லாமலேயே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளை நூலும் ஒரு சிவப்பு நூலும் எடுங்கள். யாரையாவது வெள்ளை நூலை இரு கையாலும் குறுக்காகப் பிடிக்கச் சொல்லுங்கள். சிவப்பு நூலை அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைச் சிவப்பு நூலுக்கும் வெள்ளை நூலுக்கும் நடுவில் விட்டு எடுங்கள். இறுக்க வேண்டாம். இப்போது சிவப்புதான் வெள்ளையைச் சுற்றியிருக்கிறது. பிடித்திருப்பவரை வெள்ளையைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, நீங்கள் சிவப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்து விறைப்பாக இழுங்கள். கண் முன்னால் சுற்று இடம் மாறும். சிவப்பு நேராக நீளும், வெள்ளை அதைச் சுற்றிக்கொள்ளும். விறைப்பாக இழுபடும் நூல் வளைந்து இருக்க முடியாது, தளர்ந்த நூல்தான் வளைய வேண்டும். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு இதைப் புரியவைத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தையல் டீச்சர். என் கையிலிருந்த சிக்கலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் இடது கை நடுவிரலைப் பிடித்துக் கீழே அழுத்தினார். “இப்ப இழு,” என்றார். இழுத்தேன். சுற்று ஷட்டில் நூலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் தாவியது. “இழுக்கிற நூல் நேரா நிக்கணும்மா. சும்மா இருக்கிற நூல்தான் முடிச்சு போடணும். விரலைத் தளர்த்தாம இழுத்தா அது எப்படி மாறும்?” இரண்டு வாரமாக என் வலது கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். வேலை முழுவதும் இடது கை நடுவிரலில் இருந்திருக்கிறது.

இப்போது கையில் பிடித்துச் செய்து பார்ப்போம். பழகுவதற்கு இரண்டு நிறம் நல்லது. ஷட்டிலில் சிவப்பு நூல், உருண்டையில் வெள்ளை. இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்துகொள்ளுங்கள். அந்த முடிச்சை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிப் பிடியுங்கள். வெள்ளை நூலை மற்ற விரல்களின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய்ச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். நடுவிரலை நிமிர்த்தினால் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வெள்ளை நூல் கம்பிபோல் நிற்கும். அந்த இடம்தான் நமக்கு வேலை செய்யும் இடம்.

ஷட்டில் வலது கையில். சிவப்பு நூலை வலது கை விரல்களின் மேல் ஒரு வளைவாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஷட்டிலை வெள்ளை நூலின் அடியில் நுழைத்து, அதற்கு மேலாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது கை மேல் கிடக்கும் வளைவுக்குள்ளே ஷட்டில் வந்துவிடும். கையிலிருந்து வளைவை நழுவவிடுங்கள். இந்த நொடியில் சிவப்பு நூல் வெள்ளையைச் சுற்றி நிற்கிறது. இப்போது இடது கை நடுவிரலைத் தாழ்த்தி வெள்ளையைத் தளர்த்துங்கள், வலது கையால் சிவப்பை விறைப்பாக இழுங்கள். சுற்று தாவும். அப்புறம் சிவப்பின் விறைப்பு குறையாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நடுவிரலை மெல்ல உயர்த்துங்கள். வெள்ளைச் சுற்று சிவப்பின் மேல் சறுக்கிக்கொண்டு வந்து கட்டைவிரலுக்குப் பக்கத்தில் உட்காரும். இது அரை முடிச்சு.

அடுத்த அரை இதன் எதிர்ப்பக்கம். சிவப்பு நூலைக் கை மேல் போட வேண்டாம், கீழே தொங்கட்டும். ஷட்டில் இந்தத் தடவை வெள்ளையின் மேலாகப் போய் அடியில் திரும்பும். திரும்பும்போது இரண்டு நூலுக்கும் நடுவில் வெளியே வர வேண்டும். மறுபடியும் நடுவிரலைத் தளர்த்தி, சிவப்பை இழுத்து, சுற்று தாவியதும் நடுவிரலை உயர்த்துங்கள். இரண்டு அரையும் அருகருகே உட்கார்ந்ததும் இரண்டு கால் ஊன்றிய மாதிரி ஒரு முழு முடிச்சு கிடைக்கும். அதை இரட்டை முடிச்சு என்போம். ஒரு டாட்டிங் லேஸ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த இரட்டை முடிச்சுதான் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே அரையை மட்டும் தொடர்ந்து போட்டால் வரிசை முறுக்கிக்கொண்டு சுழலும். அப்படி முறுக்கினால் ஓர் அரை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

சரியாகத்தான் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள நிறத்தைப் பாருங்கள். முடிச்சுகள் வெள்ளையாக இருந்தால் சரி. சிவப்பாக ஒன்று தெரிந்தால் அந்த இடத்தில் சுற்று தாவவில்லை. அங்கே பையின் கயிற்றைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டீர்கள், இனி அது ஓடாது. ஒவ்வொரு அரை முடிச்சுக்குப் பிறகும் ஷட்டில் நூலை லேசாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். ஓடினால் அடுத்தது, ஓடாவிட்டால் ஒரு ஊசி நுனியால் அந்த அரையைத் தளர்த்திப் பிரித்துவிட்டு மறுபடி. பத்து முடிச்சு தாண்டிய பிறகு கண்டுபிடித்தால் பத்தையும் பிரிக்க வேண்டும்.

வெள்ளை முடிச்சுகள் ஒரு விரல் நீளத்துக்குத் தடங்கலில்லாமல் வரத் தொடங்கியதும் வளையத்துக்குப் போகலாம். இதற்கு ஷட்டில் நூல் ஒன்று போதும். ஷட்டிலிலிருந்து வரும் நூலின் நுனியைக் கிள்ளிப் பிடித்து, இடது கை விரல்களைச் சுற்றிக் கொண்டுவந்து, மீண்டும் அதே இடத்தில் கிள்ளிக்கொள்ளுங்கள். விரல்களில் இருப்பதும் ஷட்டிலில் இருப்பதும் ஒரே நூல். முடிச்சு போடும் முறை மாறவே மாறாது. முடிச்சு சேரச் சேர விரலில் உள்ள வளைவு சிறுத்துக்கொண்டே வரும். இடம் போதவில்லையென்றால் முடிச்சுகளைக் கிள்ளிப் பிடித்தபடி வளைவின் கீழ்ப்பக்கத்தை இழுங்கள், ஷட்டிலிலிருந்து நூல் முடிச்சுகளுக்குள் ஓடி வந்து வளைவைப் பெரிதாக்கும். எல்லா முடிச்சும் போட்டு முடித்ததும் கையிலிருந்து கழற்றி, முடிச்சுகளை விரலால் தாங்கிக்கொண்டு, ஷட்டில் நூலை இழுங்கள். வளையம் கண்ணீர்த்துளி வடிவில் மூடும். முதல் தடவை அது மூடும்போது உள்ளங்கையில் தெரியும் அந்த மெல்லிய நழுவல் இருக்கிறதே, அதற்காகவே நான் இன்றும் இதைச் செய்கிறேன்.

லேஸுக்கு அழகைத் தருவது விளிம்பில் நிற்கும் சின்னச் சின்ன நூல் வளைவுகள். அவற்றுக்குப் பீக்கோ என்று பெயர். தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு இரட்டை முடிச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு முடிச்சைப் போட்டுவிட்டு, பிறகு அதை முந்தையதோடு ஒட்டத் தள்ளுங்கள். இடைவெளியில் இருந்த நூல் வளைந்து மேலே நிற்கும். ஒரு செண்டிமீட்டர் இடைவெளி விட்டால் அரைச் செண்டிமீட்டர் உயரத்துக்குப் பீக்கோ கிடைக்கும். எல்லாம் ஒரே உயரமாக வர வேண்டுமானால் ஓர் அட்டைத் துண்டை அளவாக வெட்டி நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

பீக்கோவின் வேலை அழகோடு முடிந்துவிடுவதில்லை, வளையங்களை இணைக்கும் கொக்கியும் அதுதான். இந்தக் கைவேலைக்கு முன்னோடியாக ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் இன்னொன்று இருந்தது. பெரிய ஷட்டிலால் நூலில் வரிசையாக முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு நூலைத் துணியில் வைத்துத் தைப்பார்கள். ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1760 வாக்கில் வரைந்த ஆல்பமார்ல் சீமாட்டியின் ஓவியம் இலண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அந்த அம்மாள் கையில் ஷட்டிலோடு அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார். டாட்டிங் வந்த புதிதில் வளையங்களைத் தனித்தனியாகச் செய்து பிறகு வேறு நூலால் கட்டி இணைத்தார்கள். 1850இல் இலண்டனில் டாட்டிங்குக்கென்றே ஒரு புத்தகம் கொண்டுவந்த எலியனோர் ரியேகோ டி லா பிராஞ்ஷார்டியேர் போன்றவர்களின் காலத்தில்தான் பீக்கோ வழியாக நூலை இழுத்து, செய்யும்போதே இணைக்கும் முறைகள் பரவின. அயர்லாந்தின் ஆர்டீ என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் இந்த லேஸைச் செய்து விற்றுச் சம்பாதித்தார்கள்.

இணைப்பது இப்படி. முதல் வளையத்தின் கடைசிப் பீக்கோவை, விரலில் கிடக்கும் நூலின் மேல் வையுங்கள். மெல்லிய குரோஷே ஊசியைப் பீக்கோவுக்குள் விட்டு அந்த நூலை ஒரு கண்ணியாக வெளியே இழுங்கள். ஷட்டிலை அந்தக் கண்ணிக்குள் முழுவதுமாக நுழைத்து எடுங்கள். ஷட்டில் நூலை விறைப்பாக வைத்து, நடுவிரலை உயர்த்திக் கண்ணியை இறுக்குங்கள். இங்கேயும் சட்டம் அதேதான், ஷட்டில் நூல் நேராக இருக்க வேண்டும், ஓட வேண்டும். இணைப்பு முடிந்ததும் இழுத்துப் பார்க்க மறக்காதீர்கள். வளையம் மூடாமல் போகும் இரண்டாவது இடம் இதுதான்.

முதல் வேலையாக ஒரு கைக்குட்டை ஓரத்தைச் சொல்வேன். வளையத்துக்கு 5 இரட்டை முடிச்சு, பீக்கோ, 5, பீக்கோ, 5, பீக்கோ, 5, மூடு. டாட்டிங் குறிப்புகளில் இதை 5-5-5-5 என்று எழுதியிருப்பார்கள், கோடு வரும் இடமெல்லாம் பீக்கோ. அடுத்த வளையத்துக்கு முன் அரைச் செண்டிமீட்டர் நூலை வெறுமனே விடுங்கள். பிறகு 5 முடிச்சு, முதல் பீக்கோவுக்குப் பதிலாக முந்தைய வளையத்தின் கடைசிப் பீக்கோவில் இணைப்பு, அப்புறம் 5-5-5, மூடு. இதையே தொடர வேண்டும். வளையமும் இடைவெளியுமாகச் சேர்ந்து ஒரு செண்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 செண்டிமீட்டர் பக்கமுள்ள கைக்குட்டையைச் சுற்றி 120 வளையம், 2400 இரட்டை முடிச்சு. மூலைகளுக்குக் கூடுதலாக வேண்டிய வளையங்கள் தனி. ஒரு நாளைக்கு நான்கு வளையம் போட்டால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். வெறும் நூல் இடைவெளிக்குப் பதில் முடிச்சு மூடிய வளைவு வேண்டுமென்றால் உருண்டை நூலை இரண்டாவது நூலாகச் சேர்த்துச் சங்கிலி போடலாம். நீங்கள் முதலில் சிவப்பு வெள்ளை நூலில் பழகியதே அந்தச் சங்கிலிதான்.

தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடாத வளையத்தில் ஊசி நுனியால் ஒவ்வொரு அரையாகப் பிரிக்கலாம். மூடிய வளையத்தைத் திறக்க முடியாது என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டாம். வளையத்தின் கடைசிப் பீக்கோவை இரண்டு பக்கமும் பிடித்து விரியுங்கள். அந்த இடத்தில் இரண்டு முடிச்சுகள் விலகி உள்நூல் கொஞ்சம் தெரியும். ஊசியால் அதைத் தூக்கி மெதுவாக இழுத்தால் ஷட்டில் பக்கத்திலிருந்து நூல் உள்ளே ஓடிவரும், வளையமும் விரியும். பீக்கோ இல்லாத வளையத்தில் இது நடப்பது கஷ்டம். அதனால்தான் பழகும்போது பீக்கோ வைத்தே பழகச் சொல்கிறேன்.

நுனிகளை வெட்டி ஒட்ட வேண்டாம். முடிந்துவிட்டு, மெல்லிய ஊசியில் கோத்து, நான்கைந்து முடிச்சுகளுக்குள் ஓட்டி மறைத்துவிட்டு மீதியை வெட்டுங்கள். கையழுக்கு பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டின் மேல் விரித்து, பீக்கோக்களை ஒவ்வொன்றாக விரலால் நீவி நேராக்கி, ஈரத் துணி போட்டுப் பின்பக்கமாக அயர்ன் செய்யுங்கள். பிறகு வளையங்களின் அடிப்பக்கத்தையும் இடைவெளி நூலையும் கைக்குட்டையின் ஓரத்தோடு சேர்த்து, லேஸின் நிறத்திலேயே மெல்லிய தையல் நூலால் தைக்க வேண்டும். மூலை திரும்பும் இடத்தில் மட்டும் லேஸை இழுத்துப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்த்தி, அங்கே இரண்டு வளையங்கள் கூடுதலாக வரும்படி வைத்துத் தையுங்கள். இல்லையென்றால் துவைத்த பிறகு மூலை மடங்கி உள்ளே சுருண்டுவிடும்.